கவரில் வரும் சம்பளத்துக்குக் கிரெடிட் கார்டு கிடைக்குமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறாள்: "அங்கிள், எனக்கு வயது 20. பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இரண்டாம் ஆண்டு. சனி, ஞாயிறு பெரியம்மாவின் புடவைக் கடையில் நிற்கிறேன். மாதம் 3,000 ரேண்ட் அளவில் கவரில் போட்டுத் தருவார். 9,000 ரேண்டுக்கு ஒரு லேப்டாப் வாங்க வேண்டும், கிரெடிட் ஹிஸ்டரியும் (கடனை ஒழுங்காகக் கட்டிய பதிவு) வேண்டும் என்று போன மாதம் ஒரே வாரத்தில் மூன்று வங்கிகளில் கார்டுக்கு விண்ணப்பித்தேன். மூன்றும் இல்லை என்றுவிட்டன. மூன்று துணிக்கடைகளில் தவணை அக்கவுண்ட் எடு, கிரெடிட் ஸ்கோர் (கடன் பதிவுக்குக் கிடைக்கும் மதிப்பெண்) தானாக ஏறும் என்கிறார்கள் தோழிகள். அப்பாவோ கார்டு என்று பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். நான் என்ன செய்ய?"

டர்பனில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் பதினெட்டு வருடம் இருந்தவன் நான். உன்னுடையது போன்ற விண்ணப்பங்கள் தினமும் மேசைக்கு வரும். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மா. கிரெடிட் ஹிஸ்டரி இல்லாததால்தான் உன்னைத் தள்ளினார்கள் என்று நீ நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வயதில் யாருக்கும் ஹிஸ்டரி இருக்காது என்பது வங்கிக்குத் தெரியாதா? அவர்களுக்குத் தெரியாதது உன் வருமானம். நீ உழைக்கிறாய், சம்பளம் வாங்குகிறாய்; ஆனால் அந்தக் கவர் கைப்பைக்குள் போய், அங்கிருந்தே செலவாகிவிடுகிறது. உன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கிறவருக்கு நீ வருமானமே இல்லாத மாணவி.

இங்கே 2007 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கும் தேசியக் கடன் சட்டம், திருப்பிக் கட்ட வசதி இருக்கிறதா என்று பார்க்காமல் யாருக்கும் கடன் கொடுக்கக் கூடாது என்கிறது. பார்க்காமல் கொடுத்தால் அது பொறுப்பற்ற கடன். நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம், வங்கிக்குத்தான் நஷ்டம். 2015ல் வந்த விதிகள் இதற்கு ஒரு கணக்கையே போட்டுக் கொடுத்தன. மாத வருமானம் 800 ரேண்ட் வரை என்றால் முழுவதும் சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் போய்விட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும். கடனுக்கு மிச்சம் பூஜ்யம். 800க்கு மேல் 6,250 வரை என்றால் அடிப்படைச் செலவு 800, அதோடு 800க்கு மேற்பட்ட தொகையில் 6.75 சதவீதம். உன் 3,000க்குப் போட்டுப் பார்: 800 கூட்டல் 148.50, மொத்தம் 948.50. மிச்சம் இரண்டாயிரத்துக்குச் சற்று மேலே. நீ சொல்லும் உண்மைச் செலவு இதைவிட அதிகமென்றால் அதைத்தான் கழிப்பார்கள். எப்படிப் பார்த்தாலும் சின்ன லிமிட்டில் ஒரு கார்டுக்கு இது போதுமான தொகைதான். ஆனால் கவரில் வந்ததால் உன் வருமானம் பூஜ்யம், மிச்சமும் பூஜ்யம். எந்த வங்கி கொடுக்கும்?

ஆகவே வேலை பெரியம்மாவிடம் தொடங்குகிறது. மாதக் கடைசியில் கவருக்குப் பதிலாக உன் கணக்குக்கு அனுப்பச் சொல். குறிப்பு எழுதும் இடத்தில் 'சேலரி' என்ற சொல்லும் மாதத்தின் பெயரும் இருக்கட்டும். 'பாப்பாவுக்கு' என்று போட்டால் வங்கி அதை வீட்டுப் பணம் என்று நினைக்கும். கூடவே ஒரு பேஸ்லிப். கடையின் பெயர், உன் பெயர், எத்தனை மணிநேரம், மொத்தச் சம்பளம், யுஐஎஃப் (வேலையிழப்புக் காப்பீடு) பிடித்தம் 1 சதவீதம், கையில் வருவது எவ்வளவு என்று இருந்தால் போதும். மாதம் 24 மணிநேரத்துக்கு மேல் வேலை செய்கிறவருக்குச் சம்பள விவரத்தை எழுத்தில் கொடுப்பது பொதுவாக முதலாளியின் கடமை என்று தொழிலாளர் சட்டமே சொல்கிறது. (இதைப் பெரியம்மாவிடம் சட்டமாகப் பேசாதே. "கார்டுக்கு வேணும் பெரிம்மா" என்றால் வேலை முடிந்துவிடும்.) வருமான வரி வந்துவிடுமோ என்று அவர் பயந்தால், என் ஆண்டுச் சம்பளம் 36,000 ரேண்ட்தான், அது வரி வரம்பில் பாதியைக்கூடத் தொடாது என்று சொல்.

இப்படி மூன்று மாதம் ஓடவேண்டும். வங்கிகள் பேஸ்லிப் கேட்டாலும் ஸ்டேட்மெண்ட் கேட்டாலும் கடைசி மூன்று மாதத்தையே கேட்கும். ஒரு மாதம் 2,700, இன்னொரு மாதம் 3,400 என்று வந்தால் பரவாயில்லை, சராசரி எடுப்பார்கள். வந்த அன்றே முழுவதையும் ஏடிஎம்மில் எடுத்துவிடும் பழக்கம் மட்டும் வேண்டாம். கணக்கைப் பார்ப்பவர் தேதிவாரியாகத்தான் பார்ப்பார்: 30ஆம் தேதி 3,000 வந்தது, 31ஆம் தேதி 2,950 போனது, அடுத்த 29 நாளும் 50 ரேண்டில் கணக்கு தூங்கியது. நான் அந்த நாற்காலியில் இருந்தபோது இப்படி ஒரு ஸ்டேட்மெண்ட் வந்தால், கட்டவேண்டிய தேதியில் கணக்கில் என்ன இருக்கும் என்பதைத்தான் முதலில் யோசிப்பேன். டெபிட் ஆர்டர் (கணக்கிலிருந்து தானாகப் போகும் தவணை) ஒன்று பணமில்லாமல் திரும்பியிருந்தால் அதைவிட மோசம்.

காத்திருக்கும் மூன்று மாதத்தில் புதிதாக எங்கும் விண்ணப்பம் போடாதே. ஒவ்வொரு விண்ணப்பமும் கிரெடிட் பீரோவில், அதாவது எல்லோருடைய கடன் பதிவுகளையும் வைத்திருக்கும் நிறுவனத்தில், 'இவர் கடன் கேட்டார்' என்று பதிவாகும். ஒரே வாரத்தில் மூன்று என்பது, காசுக்கு அல்லாடுகிற ஆளின் அடையாளமாகத் தெரியும். போனது போகட்டும், அந்தப் பதிவுகள் பழசாகட்டும்.

அதற்குப் பதிலாக உன் பீரோ அறிக்கையை வாங்கிப் பார். டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் ஆகிய மூன்றும் இங்கே பெரியவை. ஒவ்வொன்றிடமும் 12 மாதத்துக்கு ஒரு முறை இலவசமாக அறிக்கை கேட்பது உன் உரிமை. மூன்றையும் ஒன்றாக வாங்காமல் நான்கு மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் வருடம் முழுக்க ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். நீயே உன் அறிக்கையைப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒரு பீரோவின் ஸ்கோரை இன்னொன்றோடு ஒப்பிட்டுக் குழம்பாதே, அளவுகோல்கள் வேறு வேறு. அறிக்கையில் முதலில் பார்க்கவேண்டியது ஸ்கோரும் அல்ல. பெயரின் எழுத்து, ஐடி எண், முகவரி. நம் பெயர்களை இங்கே எப்படியெல்லாம் எழுதியிருப்பார்கள் என்று உனக்கே தெரியும். கோவிந்தசாமி ஒரு தாளில் ஒரு மாதிரி, அடுத்த தாளில் வேறு மாதிரி. அப்புறம், நீ எடுக்காத கணக்கு எதுவும் உன் பெயரில் இருக்கிறதா என்று பார். இருந்தால் பீரோவிடம் ஆட்சேபம் எழுது. 20 வேலைநாளுக்குள் அவர்கள் விசாரித்துச் சொல்லவேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது.

சரி, தோழிகளின் யோசனைக்கு வருவோம். மூன்று துணிக்கடை அக்கவுண்ட். இதில் பாதி உண்மை இருக்கிறது. கடைக் கணக்கும் பீரோவில் ஏறும், மாதாமாதம் கட்டினால் நல்ல பதிவாக ஏறும். வங்கிக் கார்டைவிட அது சுலபமாகக் கிடைக்கும் என்பதும் சரி. பேஸ்லிப் அல்லது ஸ்டேட்மெண்ட் கட்டாயம் என்று நான் மேலே சொன்ன 2015 விதிகளில் ஒரு பிரிவு இருந்தது. அதை எதிர்த்து ட்ரூவர்த்ஸ், ஃபோஷினி, மிஸ்டர் பிரைஸ் ஆகிய கடைகளே நீதிமன்றம் போயின. வீட்டு வேலை செய்கிறவர், தெருவில் வியாபாரம் செய்கிறவர் பேஸ்லிப்புக்கு எங்கே போவார் என்பது வாதம். 2018ல் வெஸ்டர்ன் கேப் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. வசதி இருக்கிறதா என்று பார்க்கவேண்டிய கடமை மட்டும் அப்படியே இருக்கிறது. கடைகளின் நோக்கம் உன் ஸ்கோர் அல்ல, அவர்களுடைய விற்பனை. அதில் தப்பும் இல்லை, நீ தெரிந்துவைத்துக்கொண்டால் சரி.

ஆனால் மூன்று வேண்டாம், ஒன்று போதும். ஏன் என்பதற்கு என் கதையையே சொல்கிறேன். எனக்கு இருபத்தொரு வயது, முதல் வேலை, இன்டர்வியூவுக்கென்று ஒரு கால்சட்டை வேண்டும். ஒரு கடையில் அக்கவுண்ட் எடுத்தேன், கால்சட்டைக்குத் தவணையை ஒழுங்காகக் கட்டி முடித்தேன். முடித்ததாக நினைத்தேன். கணக்கு திறந்தபோது கையெழுத்துப் போட்ட தாளில் ஏதோ கிளப், ஏதோ பத்திரிகை என்று மாதக் கட்டணம் ஒன்று இருந்திருக்கிறது, நான் படிக்கவில்லை. அதற்குள் நாங்கள் டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் வீடு மாறிவிட்டோம். ஸ்டேட்மெண்டெல்லாம் பழைய வீட்டுத் தபால்பெட்டிக்குப் போனது. நான்கு வருடம் கழித்துக் கார் கடன் கேட்டபோது 'இல்லை' என்றார்கள். காரணம் 46 ரேண்ட். கால்சட்டை அதற்குள் கிழிந்தே போயிருந்தது! ஒரு கணக்கையே கவனிக்க முடியாதவன் மூன்றை என்ன செய்வான்? எனவே ஒரு கடை, நீ எப்படியும் வாங்கப்போகும் பொருள், வட்டியில்லாத குறுகிய தவணை. காப்பீடு, கிளப், பத்திரிகை என்ற கட்டங்கள் எல்லாவற்றுக்கும் 'வேண்டாம்'. கட்டி முடித்ததும் பாக்கி பூஜ்யம் என்று எழுத்தில் வாங்கு.

லேபை பற்றியும் ஒரு வார்த்தை. அது கடன் அல்ல; நீ தவணைகளைக் கட்டி முடிக்கும்வரை பொருள் கடையிலேயே இருக்கும். அதனால் உன் பீரோ பதிவுக்கு அது ஒன்றும் செய்யாது. ப்ரீபெய்ட் ஃபோனும் அப்படித்தான். அப்பாவின் பெயரில் இருக்கும் ஃபோன் ஒப்பந்தத்துக்கு நீ மாதாமாதம் காசு கொடுத்தாலும் பெயர் அவருக்குத்தான்.

மூன்று மாதம் முடிந்ததும் ஒரே ஒரு வங்கியில் விண்ணப்பி. எந்த வங்கி? சம்பளம் வந்துகொண்டிருக்கும் வங்கிதான். உன் வரவு செலவு அவர்கள் கண்முன் இருக்கிறது. மாணவர்களுக்கென்றே கார்டு வைத்திருக்கும் வங்கிகள் இருக்கின்றன. வருமான வரம்பு ஒவ்வொன்றிலும் வேறு, விண்ணப்பிக்கும் முன் அதை மட்டும் கேட்டுக்கொள், வெறுமனே கேட்பது பீரோவில் ஏறாது. ஐடி அட்டை, முகவரிச் சான்று, மூன்று பேஸ்லிப், மூன்று மாத ஸ்டேட்மெண்ட், பல்கலைக்கழகப் பதிவுச் சான்று எல்லாம் தயாராக இருக்கட்டும். முகவரிச் சான்று அப்பா பெயரில் இருந்தால், நீ அங்கே வசிக்கிறாய் என்று அவர் ஒரு கடிதம் எழுதித் தரவேண்டியிருக்கும். 18 முடிந்துவிட்டதால் வேறு எதற்கும் அவர் கையெழுத்து வேண்டாம். அரசின் என்எஸ்ஃபாஸ் மாணவர் உதவித்தொகை வாங்கும் தோழிகள் யாராவது இதைப் படித்தால்: அந்தப் பணத்தை வருமானமாகக் காட்டிக் கடன் வாங்காதீர்கள். அது தாமதமாகும் மாதத்தில் கார்டு தாமதிக்காது.

லிமிட் எவ்வளவு? ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கொடுத்தாலும் வாங்காதே. ஒரு வருடம் கழித்து 'உங்கள் லிமிட்டை உயர்த்துகிறோம்' என்று செய்தி வரும். உன் சம்மதம் இல்லாமல் நிரந்தரமாக உயர்த்தக் கூடாது என்பது சட்டம். ஆனால் விண்ணப்பத்திலேயே 'ஆண்டுதோறும் உயர்த்தலாம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாதே.

எல்லோரும் வட்டியைப் பற்றிப் பேசுவார்கள். கார்டுக்கு வட்டி உச்சவரம்பு, ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்தோடு 14 சதவீதம். ரெப்போ 7 என்றால் 21 வரை போகலாம். ஆனால் உன்னைப்போல் சின்ன லிமிட் வைத்திருப்பவரை அதைவிட அதிகமாகத் தின்பது மாதக் கட்டணம். சட்டம் அனுமதிக்கும் உச்சம் 60 ரேண்ட், வாட் வரி சேர்த்தால் 69. ஒரு கணக்குப் பார். 3,000 ரேண்ட் பாக்கி, 21 சதவீதம் வட்டி, மாதம் 150 மட்டும் கட்டுகிறாய், கட்டணம் தனி. முடிக்க 25 மாதம் ஆகும். வட்டியாகப் போவது 720 ரேண்ட் அளவில். கட்டணமாகப் போவது 1,725! அதனால் வங்கியில் நீ கேட்கவேண்டிய முதல் கேள்வி, "மாதச் சர்வீஸ் ஃபீ எவ்வளவு?" மாணவர் கார்டுகளில் இது மிகக் குறைவாக இருக்கலாம், அதற்காகத்தான் அந்தக் கார்டையே தேடவேண்டும். ஆரம்பக் கட்டணம் ஒன்றும் உண்டு, அதையும் கேள்.

கார்டு கைக்கு வந்தபின் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வட்டியில்லாத 55 நாள் என்று விளம்பரம் செய்வார்கள். ஸ்டேட்மெண்ட் 20ஆம் தேதி, கட்டக் கடைசி நாள் அடுத்த மாதம் 15 என்று வைத்துக்கொள். மே 21 அன்று வாங்கினால் ஜூலை 15 வரை, சரியாக 55 நாள். ஜூன் 19 அன்று வாங்கினால் அதே ஜூலை 15தான், 26 நாள். முழுத்தொகையும் கட்டினால்தான் இந்தச் சலுகை. ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும்.

இங்கே இன்னொரு பொறி உண்டு. சூப்பர்மார்க்கெட்டில் உன் முறை வருகிறது, பின்னால் நான்கு தள்ளுவண்டி நிற்கிறது, கார்டை நீட்டுகிறாய். காசாளர் தலை நிமிராமல் கேட்பார்: "ஸ்ட்ரெய்ட்டா, பட்ஜெட்டா?" பட்ஜெட் என்றால் சிக்கனம் என்று நினைத்து எத்தனை பேர் தலையாட்டியிருக்கிறார்கள் தெரியுமா? பட்ஜெட் என்றால் அந்தத் தொகையை ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று தவணையாக்கி, முதல் நாளிலிருந்தே வட்டி போடுவது. 55 நாள் அதற்குக் கிடையாது. ஸ்ட்ரெய்ட் என்று சொல்லிப் பழகிக்கொள். என் அண்ணி ஒருத்தி இரண்டு பை அரிசியை ஆறு மாதத் தவணையில் சாப்பிட்டாள். அரிசி மூன்று வாரத்தில் தீர்ந்துவிட்டது.

எதற்குப் பயன்படுத்துவது? ஃபோன் டேட்டாவும் ஒரு மளிகைச் சாமானும் போதும். லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதே. மொத்தப் பாக்கியும் மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி டெபிட் ஆர்டர் போட்டுவிடு. படிவத்தில் 'குறைந்தபட்சத் தொகை', 'முழுத்தொகை' என்று இரண்டு கட்டம் இருக்கும், இரண்டாவது. தேதியைச் சம்பளம் வரும் நாளுக்கு இரண்டு மூன்று நாள் பின்னால் வை. கட்டும் பழக்கம் ஐந்து வருடம் பீரோவில் நிற்கும். இருபதில் தவறவிட்ட தவணையை இருபத்துநான்கில் வீட்டுக் கடன் கொடுப்பவரும் பார்ப்பார்.

லேப்டாப்பை இந்தக் கார்டில் வாங்கும் எண்ணத்தை விட்டுவிடு. 3,000 லிமிட்டில் 9,000 பொருள் ஏறாது. ஏறினாலும் உன் சம்பளத்தில் மூன்று மாதம். லேபையில் போடு, அல்லது பல்கலைக்கழகத்தில் மாணவர் திட்டம் இருக்கிறதா என்று கேள்.

படிக்க இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ இங்கே வந்திருப்பவர்களுக்கும் ஒன்று: ஊரில் இருக்கும் ஸ்கோர் (இந்தியாவின் சிபில் போன்றது) இங்கே செல்லாது. பல வங்கிகள் தென்னாப்பிரிக்க ஐடி எண்ணைக் கேட்கும். மாணவர் விசாவில் வாரம் 20 மணிநேரம்தான் வேலை செய்யலாம் என்பதால் வருமானமும் குறைவாகவே இருக்கும். டெபிட் கார்டே பெரும்பாலான ஆன்லைன் வேலைக்குப் போதும்.

அப்பா எழுந்து போவதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதே. அவர் வயதுக்காரர்கள், டர்பனில் துணித் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடிய காலத்தைப் பார்த்தவர்கள். வெள்ளிக்கிழமை சம்பளம் வரும் என்று நம்பி ஃபர்னிச்சர் வாங்கியிருந்த வீடுகளில், வேலை போன மறுமாதம் லாரி வந்து சோபாவை ஏற்றிப்போனது. நடுத்தெருவில், எல்லோரும் பார்க்க. அவருக்குக் கார்டு என்றால் அந்த லாரிதான் ஞாபகம் வரும். வாதம் செய்யாமல், டெபிட் ஆர்டர் படிவத்தில் முழுத்தொகை என்று டிக் செய்த தாளை அவரிடம் காட்டு. முகவரிக் கடிதத்தையும் அன்றைக்கே கேட்டுவிடலாம்.

மூன்று மாதம் கழித்தும் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேள். கேட்டால் முக்கியக் காரணத்தை எழுதித் தரவேண்டும். பீரோ பதிவுதான் காரணம் என்றால் எந்தப் பீரோ என்றும் சொல்லவேண்டும். இரண்டும் கடன் சட்டத்தின் 62ஆம் பிரிவில் இருக்கின்றன. போன மாதம் மறுத்த மூன்று வங்கிகளிடமும் இதை இப்போதே கேட்கலாம், நாளைக் காலை மின்னஞ்சல் போடு. பதில் வந்ததும் ஐடி எண்ணையும் கணக்கு எண்ணையும் மறைத்துவிட்டு, காரணம் எழுதிய வரியை மட்டும் எனக்கு அனுப்பு.